கடற்கரையிலிருந்து பெங்களூருக்கு, சேர்வராயன் மலை வழியாக

ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பிய பல்சக்கர ரயில்பாதை 1899-ல் குன்னூரையும் 1908-ல் உதகையையும் எட்டிவிட்டது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு அப்படி ஒரு பாதை அமையவே இல்லை. ஆனால் இந்த மலையைத் தெற்கிலும் மேற்கிலும் இருப்புப்பாதைகள் வளைத்து நிற்கின்றன. விருத்தாசலத்திலிருந்து ஆத்தூர், வாழப்பாடி வழியாக வருவது ஒன்று. ஜோலார்பேட்டையிலிருந்து மொரப்பூர், பொம்மிடி வழியாக இறங்குவது இன்னொன்று. பெங்களூரிலிருந்து ஓசூர், தருமபுரி, ஓமலூர் வழியாக வருவது மூன்றாவது. மூன்றும் சேலம் ஜங்ஷனில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்.

காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், கடலூர் போன்ற கடலோர ஊர்களிலிருந்து பெங்களூருக்குப் போகிறவர்களுக்காக இந்த அத்தியாயம். மகன் வேலை பார்க்கும் ஊர், மகளைக் கட்டிக்கொடுத்த ஊர், மருத்துவமனைக்குப் போகும் ஊர் என்று இந்தக் கரையோரக் குடும்பங்களுக்குப் பெங்களூரோடு பழக்கம் அதிகம். வழியில்தான் ஏற்காடு இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. சேலத்தில் ரயில் நிற்கும்போது தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி ஏறிவிடுகிறார்கள். அந்தப் பயணத்தை ஒன்றிரண்டு நாள் நீட்டினால், கடல்மட்டத்தில் கிளம்பியவர்கள் 1,500 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே தூங்கி எழுந்து கர்நாடகத் தலைநகரில் போய் இறங்கலாம். அதற்கென்று தனியாக விடுமுறை எடுக்கவும் வேண்டாம்.

எந்த ரயில் என்று கேட்பதற்கு முன்

ரயிலைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் முதலில் பார்ப்பது அது எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறது என்பதைத்தான். மலையையும் சேர்த்துக்கொள்ளும் பயணத்தில் முதலில் பார்க்க வேண்டியது வேறு: சேலத்தில் உங்களை எத்தனை மணிக்கு இறக்கிவிடுகிறது? மலைப்பாதைக்கு வெளிச்சம் வேண்டும். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் 20 கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில் ஏறுவது தேவையில்லாத சிரமம். ஆகவே நேர அட்டவணையைச் சேலத்தில் கை வைத்துப் படியுங்கள். வெளிச்சம் இருக்கும்போது மலை ஏறி முடிக்க வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கியும் முடிக்க வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இந்தக் கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்துவது காரைக்கால்–பெங்களூர் எக்ஸ்பிரஸ், எண் 16530. பல ஆண்டுகள் பாசஞ்சராக ஓடிப் பின்னர் எக்ஸ்பிரஸ் ஆன வண்டி இது. பழைய பயணிகள் இன்றும் ‘பெங்களூர் பாசஞ்சர்’ என்றுதான் சொல்வார்கள். அதிகாலையில் காரைக்காலை விட்டு, நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை, சிதம்பரம், கடலூர் துறைமுகம், நெய்வேலி, விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் என்று நின்று நின்று பகல் முழுக்க ஓடுகிறது. வேகம் பார்க்கிறவர்களுக்கு இந்த வண்டி பிடிக்காது. ஆனால் சேலத்தை இது பகலில் தொடுகிறது. இறங்கி, சாப்பிட்டு, பஸ் பிடித்து, இருட்டுவதற்குள் ஏற்காட்டில் அறைக்குப் போய்விடலாம். மேலும் ஒரு வசதி உண்டு. ஓரிரு நாள் தங்கியபின் அதே 16530 அதே நேரத்துக்குச் சேலத்துக்கு வரும். காலையில் மலையிலிருந்து இறங்கி அதிலேயே ஏறிக்கொண்டால், தருமபுரி, ஓசூர் வழியாக இரவுக்குள் பெங்களூர். திரும்பும் வண்டியின் எண் 16529.

தூத்துக்குடிக்காரர்களுக்கு மைசூரு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மாலையில் கிளம்பி மதுரை, திண்டுக்கல், கரூர், சேலம், தருமபுரி, ஓசூர் வழியாகக் காலையில் பெங்களூரை அடையும் நல்ல ரயில். நேராகப் பெங்களூர் போகிறவர்களுக்கு அதைவிட வசதியானது இல்லை. ஏற்காட்டுக்கோ அது பொருந்தாது. சேலத்துக்கு அது வருவது நள்ளிரவு கடந்த நேரம். அந்த ரயிலில்தான் வர முடியும் என்றால், ஜங்ஷனிலேயே ரயில்வே ஓய்வறை ஒன்றை முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பதிவு செய்யலாம். அறை கிடைக்காவிட்டால் காத்திருப்புக் கூடத்தில் விடியும்வரை இருந்துவிட்டு மலை ஏறுங்கள். அந்த நேரத்தில் வெளியே வந்து வாடகைக் கார் பேசி மலை ஏற வேண்டாம்.

கடலூர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடலூரில் இரண்டு முக்கிய நிலையங்கள் உள்ளன. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். விருத்தாசலம் பாதை பிரிவது பழைய பட்டணத்தில், ஓ.டி. என்று நாம் சொல்லும் பகுதியில் உள்ள கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து. காரைக்கால் ரயிலில் ஏற நீங்கள் போக வேண்டியது துறைமுகம் சந்திப்புக்குத்தான். டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரரிடம் ‘கடலூர் ஸ்டேஷன்’ என்று மட்டும் சொன்னால் போதாது.

ஒரே டிக்கெட்டா, இரண்டா?

‘காரைக்காலிலிருந்து பெங்களூருக்கு ஒரே டிக்கெட் எடுத்து, சேலத்தில் இறங்கி, இரண்டு நாள் கழித்து அதே டிக்கெட்டில் போகலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. பழைய காலத்தில் ‘பிரேக் ஜர்னி’ பற்றிக் கேள்விப்பட்ட பெரியவர்கள் இதை உறுதியாகவே சொல்வார்கள். அந்த விதி இன்றும் இருக்கிறது. ஆனால் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு மட்டும் பொருந்தும். முதல் 500 கிலோமீட்டர் கடந்த பிறகுதான் இறங்கித் தங்கவும் முடியும். காரைக்காலிலிருந்து சேலம் அவ்வளவு தூரம் இல்லை. ஆகவே இந்தப் பாதையில் அந்த விதி உதவாது. பாதியில் இறங்கிவிட்டால் மிச்சத் தூரத்துக்கான டிக்கெட் அத்தோடு முடிந்தது.

ஊரிலிருந்து சேலத்துக்கு ஒன்று, சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஒன்று என்று இரண்டு டிக்கெட் எடுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடும். அதற்குப் பதிலாகக் கிடைக்கும் சுதந்திரம் பெரிது: இரண்டாவது பகுதிக்கு அதே ரயிலில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டில் எதை முதலில் எடுப்பது? இரண்டாவதை. சேலத்திலிருந்து பெங்களூர் போகும் இருக்கைதான் கிடைப்பதற்கு அரிது. வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்த இளைஞர் கூட்டம் முழுவதும் ஞாயிறு மாலையும் இரவும் திரும்பிப் போகிறது. அந்த நேரத்தில் சேலத்தில் நின்று ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைப்பதே கடினம். ஏற்காட்டிலும் சனி, ஞாயிறுதான் கூட்டம், அறை வாடகையும் அப்போதுதான் அதிகம். ஆகவே செவ்வாய் அல்லது புதன் அன்று கடற்கரையிலிருந்து கிளம்பி, வியாழனை மலையில் கழித்து, வெள்ளி காலை இறங்கிப் பெங்களூர் போகும்படி அமைத்துக்கொண்டால் எல்லா இடத்திலும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவீர்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் இது முடியாது, தெரியும். அப்படிப்பட்டவர்கள் ஞாயிறு மாலையையாவது தவிர்த்து, திங்கள் காலையில் மலையிலிருந்து இறங்குங்கள்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பே தொடங்குகிறது. முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பர் 1 முதல் குறைத்துவிட்டார்கள். பழைய நினைவில் நான்கு மாதம் முன்பே முயன்று, ‘இன்னும் திறக்கவில்லை’ என்று குழம்ப வேண்டாம். இரண்டு டிக்கெட்டுக்கும் தேதி வேறு என்பதால் முன்பதிவு தொடங்கும் நாளும் வேறு. சேலம்–பெங்களூர் டிக்கெட்டின் தேதி பிந்தியது, ஆகவே அது திறப்பதும் ஓரிரு நாள் கழித்துத்தான். முதல் டிக்கெட்டை அவசரப்பட்டு எடுத்துவிட்டு இரண்டாவது கிடைக்காமல் திண்டாடுவதைவிட, அந்த ஓரிரு நாள் பொறுத்திருந்து இரண்டையும் ஒன்றாக எடுப்பது நல்லது. காரைக்கால் ரயிலில் சேலம் வரையிலான பகல் பயணத்துக்குச் சாதாரண வாரங்களில் பெரிய போட்டி இருப்பதில்லை. ஆனால் வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, நாகூர் கந்தூரி நாட்கள், திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி ஆகிய சமயங்களில் இந்தப் பாதை முழுக்கப் பக்தர்கள் கூட்டம். அப்போது இந்தத் திட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இடைநிலையத்தில் ஏறுகிறவர்களுக்குத் தனி ஒதுக்கீடு சிறியது. சிதம்பரத்திலோ மயிலாடுதுறையிலோ ஏறும் குடும்பத்துக்கு அங்கிருந்து இடம் காட்டாவிட்டால், ரயில் புறப்படும் காரைக்காலிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் நிலையத்தை மட்டும் உங்கள் ஊராகக் குறிப்பிடலாம். சில ரூபாய் கூடும், இடம் உறுதியாகும். அப்படி மாற்றிய பிறகு காரைக்காலில் போய் ஏற முடியாது என்பதை மறக்கக் கூடாது.

தட்கலை நம்பி இந்தப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குளிர்சாதன வகுப்புக்கு முந்தின நாள் காலை 10 மணிக்கும், மற்றவற்றுக்கு 11 மணிக்கும் தட்கல் திறக்கும். 2025 ஜூலையிலிருந்து ஆதாரோடு இணைத்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் எடுக்க முடியும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. இவை எல்லாவற்றையும் மலைமேல் உட்கார்ந்து, கைபேசி சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் செய்ய வேண்டியிருக்கும். இணையத்தில் எடுத்த காத்திருப்புப் பட்டியல் டிக்கெட், சார்ட் தயாராகும்வரை உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும்; அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏற முடியாது.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இரண்டு செய்தி. 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் இளையவர்களையும் சேர்த்துப்போட்டால் அது கிடைக்காது. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு, தனி இடம் கேட்காதவரை, கட்டணம் இல்லை. 5 முதல் 11 வயதுவரை தனி இடம் வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். பகல் பயணம்தானே என்று இடமில்லாமல் எடுக்காதீர்கள். காரைக்காலிலிருந்து சேலம்வரை ஒரு பத்து வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள முடியாது.

ரயிலுக்குள்

இந்தப் பாதையின் அழகு விருத்தாசலத்துக்கு மேற்கே தொடங்குகிறது. அதுவரை டெல்டாவின் சமவெளியும் நெய்வேலியின் செம்மண்ணும். சின்னசேலம் தாண்டியதும் வலப்பக்கம் கல்வராயன் மலை எழும்புகிறது. ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளித் தோட்டங்களையும், ஜவ்வரிசி ஆலைகளின் களங்களில் வெள்ளை வெளேர் என்று காய்வதையும் பார்க்கலாம். நம் வீட்டுப் பாயசத்து ஜவ்வரிசி வருவது பெரும்பாலும் இந்த மண்ணிலிருந்துதான். வாழப்பாடி கடந்தபின் வலப்பக்கம் தெரிவது சேர்வராயன். ரயில் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தால் வலது ஜன்னல். மழைக்கு அடுத்த நாள் என்றால் மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

சேலத்திலிருந்து பெங்களூர் நோக்கிப் போகும்போதும் சேர்வராயன் வலப்பக்கம்தான். ஓமலூர்வரை மாக்னசைட் சுரங்கங்களின் வெள்ளைக் குன்றுகள் தெரியும். அங்கே ஒரு சந்திப்புக்கே மாக்னசைட் என்றுதான் பெயர். பிறகு தொப்பூர்க் கணவாய். காடும் பாறையும் நெருக்கமாக வரும் இந்தப் பகுதியில் வண்டி மெதுவாகத்தான் ஏறும். 2021 நவம்பர் 12 அன்று கனமழையில் பாறைகள் உருண்டு விழுந்து கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம்புரண்டது தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையில்தான். மழைக்காலத்தில் இங்கே வேகத்தைக் குறைத்து ஓட்டுவதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம்.

ஜங்ஷனிலிருந்து மலைக்கு

சேலத்தில் இறங்க வேண்டியது ஜங்ஷனில். அதற்கு முன்பே சேலம் டவுன் நிலையம் வரும். அங்கே இறங்கிவிட வேண்டாம். ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். ஏற்காடு பஸ்கள் கிளம்புவது புதிய பேருந்து நிலையத்திலிருந்து. ஜங்ஷன் வாசலிலேயே அங்கே போகும் டவுன் பஸ்கள் கிடைக்கும், ஆட்டோவிலும் போய்விடலாம்.

பெங்களூரில் பல வாரம் தங்கப் போகிறவர்கள் பெரிய பெட்டிகளோடு வருவார்கள். அவற்றை மலைமேல் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஜங்ஷனில் பொருட்காப்பு அறை இருக்கிறது. பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும், பயண டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும். பணம், நகை, மருந்து, மருத்துவமனைக் கோப்புகள் ஆகியவற்றை மட்டும் கைப்பையில் எடுத்துக்கொண்டு, ஒரு தோள்பையோடு மலை ஏறுங்கள். பையில் ஸ்வெட்டர் இருக்கட்டும். நாகப்பட்டினத்தில் புழுங்கிக்கொண்டு கிளம்பியவருக்கு அது வீண் சுமையாகத் தோன்றும். டிசம்பர், ஜனவரி மாலைகளில் ஏரிக்கரையில் நின்றால் அருமை தெரியும்.

பஸ் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய் அங்கிருந்து ஏறுகிறது. வளைவுகளில் தலை சுற்றும், வாந்தி வரும் என்பவர்கள் முன்பக்க இருக்கையில் உட்காருங்கள். கைபேசியைப் பார்க்காமல் சாலையைப் பாருங்கள். ரயிலை விட்டு இறங்கியதும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறக் கூடாது. சேலத்தின் தட்டுவடை செட்டை இறங்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்கு இரண்டாவது மலைப்பாதையும் இருக்கிறது: அயோத்தியாப்பட்டினம் பக்கமிருந்து குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறுவது. முதல் பாதையில் மண்சரிவோ நெரிசலோ ஏற்பட்டால் வண்டிகளை இந்த வழியாகத் திருப்பிவிடுவார்கள். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களிலும் போக்குவரத்தை மாற்றி அமைப்பது உண்டு. அந்த நாட்களில் பயண நேரம் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் மே மாத வார இறுதியில் ஏற்காட்டில் இருக்கக் கூடாது.

மேலே ஒரு முழு நாள் கிடைத்தால் எப்படிச் செலவழிப்பது என்பதற்குத் தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. ரயில் பயணிகளுக்கு ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட் என்று எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்க முயலாதீர்கள். காலையில் சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். 1,623 மீட்டரில், மலையின் தலைமேல் இருக்கிறது. பகலில் இந்தியத் தாவரவியல் மதிப்பீட்டுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பாருங்கள். மாலையில் காப்பித் தோட்டங்களை ஒட்டிய சாலையில் நடங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் இங்கே வந்த பயிர் அது. மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்த சில நாளில் பூத்துவிடும். அந்த வாசனைக்காகவே ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம்.

இறங்கும் நாள்

தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். ‘முப்பது கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரம் போதும்’ என்று கணக்குப் போடுகிறார்கள். மலையிலிருந்து இறங்கினால் மட்டும் போதாது. அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு நெரிசலைக் கடந்து, நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கும் ஜங்ஷனுக்குப் போக வேண்டும். பொருட்காப்பு அறையில் பெட்டியை எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்க வேண்டும். சாதாரண நாளில் ரயில் நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு ஏற்காட்டை விட்டுக் கிளம்புங்கள். மழை பெய்தால் இன்னும் ஒரு மணி நேரம் முன்பாகவே. பஸ் நிலையத்தில் முந்தின மாலையே காலைப் பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

16530-ல் இடம் கிடைக்காவிட்டால் சேலத்திலிருந்து பெங்களூருக்கு வேறு ரயில்கள் உண்டு. எர்ணாகுளம் இன்டர்சிட்டியும், 2023 டிசம்பர் 30-ல் தொடங்கிய கோவை–பெங்களூர் வந்தே பாரத்தும் தருமபுரி, ஓசூர் வழியாகவே போகின்றன. வந்தே பாரத் வாரத்தில் ஒரு நாள் ஓடாது. மேலும் அது சேலத்துக்கு முற்பகலில் வருவதால், அதில் போக வேண்டுமானால் முந்தின மாலையே மலையிலிருந்து இறங்கிச் சேலத்தில் தங்குவதுதான் சரி. கன்னியாகுமரியிலிருந்து வரும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஜோலார்பேட்டை, பங்காருப்பேட்டை வழியாகச் சுற்றிப் போகும்.

பெங்களூரில் எந்த நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்பதை உறவினரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ‘பெங்களூர் ஸ்டேஷன்’ என்று ஒன்று இல்லை. மெஜஸ்டிக்கில் இருப்பது கே.எஸ்.ஆர். பெங்களூரு. கன்டோன்மென்ட் வேறு, யஷ்வந்த்பூர் வேறு. காரைக்கால் ரயில் போய் நிற்பது பையப்பனஹள்ளியில் 2022-ல் திறந்த சர் எம். விஸ்வேஸ்வரய்யா முனையத்தில். மெஜஸ்டிக்கில் காத்திருக்கும் மருமகனைத் தேடி இரவில் நகரத்தைக் கடக்க வேண்டியிருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்ஜாபூர் சாலைப் பக்கம் வீடு என்றால், ரயில் நிற்கிறதா என்று பார்த்து, அதற்கு முன்பே கார்மேலாரத்தில் இறங்கிவிடலாம்.

சென்னைக்குப் போகிறவர்கள்

ஏற்காட்டிலிருந்து நம் தலைநகருக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சுருக்கமாக. மலையின் பெயரைத் தாங்கிய ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஈரோட்டுக்கும் சென்னை சென்ட்ரலுக்கும் இடையே இரவில் ஓடுகிறது. சேலத்தில் இரவு ஏறினால் விடியுமுன் சென்னை. பகலெல்லாம் மலையில் இருந்துவிட்டு மாலையில் இறங்கி ஏறுவதற்கு ஏற்றது. எழும்பூர் பக்கம் போக வேண்டியவர்களுக்கு ஆத்தூர், விருத்தாசலம், விழுப்புரம் வழியாகச் செல்லும் சேலம்–எழும்பூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. சேலத்திலேயே புறப்படுவதால் நிதானமாக ஏறலாம். பகலில் ஜோலார்பேட்டை வழியாகப் போகிறவர்கள் வலது ஜன்னலில் உட்காருங்கள். டேனிஷ்பேட்டை, லோக்கூர், பொம்மிடிவரை சேர்வராயனின் மேற்குச் சரிவு கூடவே வரும்.

மழையும் புயலும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பயணத்தில் ஒரு சிக்கல் உண்டு. கடற்கரையைத் தாக்கும் புயல் பல சமயம் மலையையும் விடுவதில்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் அதற்குச் சரியான உதாரணம். அடுத்த இரு நாட்களில் விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியதால் ரயில்கள் நின்றன. அதே நாட்களில் ஏற்காட்டில் பெருமழை கொட்டி, மலைப்பாதையில் மண் சரிந்து, போக்குவரத்து முடங்கியது. கீழே இருந்தவர்கள் மேலே போக முடியவில்லை, மேலே இருந்தவர்கள் கீழே வர முடியவில்லை.

காரைக்கால் ரயில் திருச்சி, சேலம் கோட்டங்களையும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தையும் கடந்து போகிறது. மூன்றில் எங்கே பாதைப் பணி நடந்தாலும் நேரம் மாறும். சில நாட்களில் பாதி வழியோடு நின்றுவிடும். ஆகவே பயணத்துக்கு முந்தின நாளும், கிளம்பும் காலையிலும் 139-ல் அழைத்தோ ரயில்வேயின் செயலியிலோ உங்கள் ரயில் உங்கள் நிலையத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். இந்த அத்தியாயத்தில் நான் மணிக்கணக்கு எழுதாமல் காலை, பிற்பகல், இரவு என்று மட்டும் குறித்திருப்பதும் அதனால்தான்.

ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணத்தைக் கைவிட்டாலும் முழுப் பணம் கேட்கலாம். ஆனால் ரயில் கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நீங்களாக ரத்து செய்தால், பயண நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். புயல் எச்சரிக்கை வந்துவிட்டது, பெங்களூருக்குப் போயே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், ஏற்காட்டை விட்டுவிடுங்கள். அறைக்குக் கட்டிய முன்பணம் போனாலும் போகட்டும். அதே ரயிலில் அதே நாளில் நேராகப் பெங்களூர் போக இடம் இருக்கிறதா என்று பார்த்துப் போய்ச் சேருங்கள். திரும்பி வரும்போதும் 16529 சேலத்தில் நிற்கும். அப்போது ஏறிக்கொள்ளலாம் மலைக்கு.